மருந்தை வென்ற சிலந்திப் பேன்

பகையை நஞ்சினாலேயே வேரறுத்துவிடலாம் என்ற நம்பிக்கை எங்கு கொண்டுபோய் விடும் என்பதற்கு, அமெரிக்காவில் வாஷிங்டன் மாகாணத்து ஆப்பிள் தோட்டங்களின் சரித்திரம் தக்கதொரு சாட்சியாகும்.

1914-ம் வருஷத்திலேயே அம்மாகாணத்துப் பூச்சி சாஸ்திரியான மெலாண்டர், பூச்சிகள் மருந்தை எதிர்க்கும் சக்தியைப் பெறக்கூடுமோ என்று வினவினார். கந்தகச் சுண்ணாம்புக் கரைசலைத் தெளித்தும் சில தோட்டங்களில் செதிற்பூச்சிகள் மாளாதிருந்தமையே அவரை இவ்வாறு கேட்கத் தூண்டிற்று. இரண்டாவது மகாயுத்தத்திற்குப் பின் டி.டி.டி. வந்தது. பழத்தைத் துளைக்கும் புழு மடிந்தது, தோட்டக்காரர் மகிழ்ந்தனர். ஆனால், அதுகாறும் அற்பமென்று கருதப்பட்ட சிலந்திப் பேன் திரள்திரளாகப் பெருகி, இலைச் சாற்றை உறிஞ்சி மரங்களை வாட்டியது. காரணம் யாது? அதைத் தின்று அடக்கிவந்த நட்புப் பிராணிகளையும் மருந்து கொன்றுவிட்டது. பேனைக் கொல்லப் புதுப்புது மருந்துகள் தோன்றின. அவையும் ஒன்றன்பின் ஒன்றாக வலுவிழந்தன.

இதில் மாயமொன்றுமில்லை. மருந்து எந்தப் பேனுக்கும் வலிமையைப் புகட்டுவதில்லை. முன்னரே தாங்குந்தன்மை வாய்ந்த சிலவற்றை விட்டு, மற்றவற்றை அழிக்கின்றது. எஞ்சியவற்றின் சந்ததியே தோட்டத்தை ஆளுகிறது. கடுங்கோடையில் ஒரு தலைமுறைக்குச் சுமார் 10 நாட்களே போதும். ஒரு பெண் பேன் ஏறத்தாழ 100 முட்டைகள் இடும். ஆண்களோ கருவுறாத முட்டையிலிருந்து பிறந்து, தாயின் பரம்பரைக் கூறு மட்டுமே உடையவை. ஆகவே எதிர்ப்புக் குணம் அவற்றில் மறைந்து கிடப்பதில்லை, விரைவில் நிலைபெறுகிறது. இரட்டைப்புள்ளிச் சிலந்திப் பேன் இதுவரை 90-க்கு மேற்பட்ட மருந்துகளை எதிர்த்திருப்பதாகப் பதிவாகியிருக்கிறது.

நிற்க, பரிகாரமும் அதே தோட்டங்களிலேயே கிடைத்தது. 1960-களில் வெனாச்சியில் ஆராய்ந்த ஹாய்ட் என்பவர், தீய பேனைத் தின்னும் நட்புப் பேன்களிலும் சில, புழுவுக்குத் தெளிக்கும் மருந்தைத் தாங்கி வாழ்வதைக் கண்டார். பேன்கொல்லி மருந்தை இயன்றவரை நிறுத்தி, அதிகக் கேடு செய்யாத துருப்பேனை இலைகளில் விட்டுவைத்தால், நட்புப் பேன் அதை உண்டு நிலைத்து, சிலந்திப் பேனையும் அடக்கும் என்று காட்டினார். தோட்டக்காரர் அம்முறையைக் கைக்கொண்டனர். மருந்துச் செலவும் குறைந்தது.

ஆயினும் வெற்றி சாசுவதமன்று. பிற்காலத்தில் புழுவுக்கென வந்த புது மருந்துகளில் சில நட்புப் பேனுக்குத் தீங்கிழைக்கவே, பழைய தொல்லை மீண்டும் தலைதூக்கியது. ஆதலின் மருந்துப் புட்டியைத் திறக்குமுன் தோட்டக்காரன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. ‘எதைக் கொல்லும்?’ என்பது மட்டுமன்று. ‘எதை உயிரோடு விடும்?’ என்பதே அது.