இயர்போன் கேபிளை மாத்தினா சவுண்ட் மாறுமா? ஒரு சின்னக் கணக்கு

காதுக்குள்ள செருகுற ஐஇஎம் வகை இயர்போன்கள் இப்ப ஆயிரம், ரெண்டாயிரம் ரூபாய்க்கே நல்லதா கிடைக்குது. பல மாடல்கள்ல கேபிளைக் கழற்றி வேற மாட்டிக்கலாம். அங்கதான் அடுத்த செலவு ஆரம்பிக்குது. மாத்துற கேபிள் சில நூறு ரூபாய்லயும் இருக்கு, லட்ச ரூபாயைத் தாண்டியும் இருக்கு. வெள்ளிப் பூச்சு போட்டா ட்ரெபிள் தெளியும், சுத்தமான காப்பர்னா பேஸ் கனமாகும், பின்னல் கேபிள்ல ஸ்கின் எஃபெக்ட் குறையும் என்று விளம்பரங்கள் சொல்கின்றன.

இதுல வர்ற சொற்கள் எல்லாமே நிஜ இயற்பியல் சொற்கள்தான். மின்தடை உண்மை, வெள்ளி காப்பரைவிட நல்லா கடத்தும்ங்கறது உண்மை, ஸ்கின் எஃபெக்டும் உண்மை. விளம்பரத்துல விட்டுப்போறது ஒரே கேள்வி: எவ்வளவு? அந்தக் கேள்விக்கு விடை தெரியாம ஒரு நாள்கூட வேலை ஓடாத இடம் நம்ம திருவள்ளூர் மாவட்டத்துலயே இருக்கு. கும்மிடிப்பூண்டி சிப்காட். அங்க கேபிளை எப்படித் தேர்ந்தெடுக்கறாங்கன்னு பார்த்துட்டு இயர்போனுக்கு வரலாம்.

எலக்ட்ரீஷியனோட கணக்கு

ஒரு தொழிற்சாலை எலக்ட்ரீஷியன்கிட்ட ஒயர் கேட்டா, அவர் திருப்பிக் கேட்கறது ரெண்டு விஷயம்: எத்தனை ஆம்ப்ஸ், எத்தனை மீட்டர்? 2.5 ஸ்கொயர் காப்பர் ஒயருக்கு கிலோமீட்டருக்கு சுமார் 7.4 ஓம் மின்தடை. பேனல்ல இருந்து 60 மீட்டர் தள்ளி 15 ஆம்ப்ஸ் இழுக்கற ஒரு சிங்கிள் ஃபேஸ் லோடு இருக்குன்னு வைங்க. போக வர 120 மீட்டர், அதாவது 0.9 ஓம். 15 ஆம்ப்ஸ் அது வழியா ஓடினா கேபிள்லயே 13 வோல்ட்டுக்கு மேல போயிடும். 230 வோல்ட்ல அது கிட்டத்தட்ட 6 சதவீதம். மோட்டார்னா திணறும், சூடாகும். அதனால 6 ஸ்கொயர் போடுவாங்க, இழப்பு பாதிக்கும் கீழ வந்துடும்.

இப்ப இயர்போனோட வர்ற மெல்லிசான கேபிளை எடுத்துக்கலாம். உள்ள இருக்கற ஒயர் 30 கேஜ் என்றால் மீட்டருக்கு சுமார் 0.34 ஓம். 1.2 மீட்டர் கேபிளுக்குப் போக வர 2.4 மீட்டர், மொத்தம் 0.8 ஓம். கிட்டத்தட்ட அந்த 60 மீட்டர் தொழிற்சாலை ஒயரோட அதே மின்தடை! அப்போ கேபிள்காரங்க சொல்றது சரிதானேன்னு தோணும்.

இயர்போன் 32 ஓம்னு வைங்க. 0.8 ஓம் கேபிள் அதோட சத்தத்தைக் குறைக்கற அளவு 0.22 டெசிபல். தடிமனான 26 கேஜ் கேபிளுக்கு மாறினா மின்தடை 0.3 ஓம், இழப்பு 0.08 டெசிபல். ரெண்டுக்கும் வித்தியாசம் 0.14 டெசிபல்தான். எல்லா அதிர்வெண்ணுக்கும் ஒரே மாதிரி கூடறதால, வால்யூமை ஒரு துளி திருப்பினதுக்குச் சமம். பேஸ் ஒரு பக்கம், ட்ரெபிள் ஒரு பக்கம்னு எதுவும் நகராது.

வெள்ளியும் சுத்தமும்

காப்பரைவிட வெள்ளி 6 முதல் 8 சதவீதம் வரைதான் கூடுதலா கடத்தும். அதே பலனை காப்பர் ஒயரைக் கொஞ்சம் தடிமனாக்கியே எடுத்துடலாம். வெள்ளிக்குன்னு தனி ‘பளபளப்பான’ ஓசை கிடையாது. எலக்ட்ரான் போற பாதையில அதுக்கும் தெரிஞ்சது மின்தடை மட்டும்தான்.

‘99.99 சதவீத சுத்தமான காப்பர்’ என்பதும் பெரிய விஷயமில்லை. மின்கம்பிக்குப் போற சாதாரணத் தரக் காப்பரே 99.9 சதவீதம் இருக்கணும். மிச்சம் இருக்கற அந்தத் துளி சுத்தத்தால மின்தடை ஒரு சதவீத அளவுக்குத்தான் மாறும்.

ஸ்கின் எஃபெக்ட் நிஜமா வேலை செய்யற இடம்

மாறுமின்னோட்டத்தோட அதிர்வெண் ஏற ஏற, மின்னோட்டம் கம்பியோட நடுவை விட்டு ஓரத்துக்கு ஒதுங்கும். இதுதான் ஸ்கின் எஃபெக்ட். இதைப் பெரிய அளவுல பார்க்கணும்னா இரும்பு உருக்கற இண்டக்‌ஷன் ஃபர்னஸைப் பார்க்கணும். கும்மிடிப்பூண்டியில டிஎம்டி கம்பி, பில்லெட் செய்யற ஆலைகள் நிறைய உண்டு. பழைய இரும்பை இப்படித்தான் உருக்கறாங்க. சில நூறு ஹெர்ட்ஸ்ல ஆயிரக்கணக்கான ஆம்ப்ஸ் ஓடும். 500 ஹெர்ட்ஸ்ல மின்னோட்டம் காப்பரோட மேல் 3 மில்லிமீட்டர்லதான் பெரும்பாலும் ஓடும். அதனால ஃபர்னஸ் காயிலைக் கெட்டிக் கம்பியில செய்யறதில்ல. உள்ளீடற்ற காப்பர் குழாய், நடுவுல குளிர்விக்கத் தண்ணி ஓடும். நடுவுல காப்பர் வச்சா காசுதான் வீண்.

அதே சூத்திரத்தை நம்ம காது கேட்கற உச்சமான 20,000 ஹெர்ட்ஸுக்குப் போட்டா, அந்த ஆழம் 0.46 மில்லிமீட்டர். 26 கேஜ் ஒயரோட மொத்தத் தடிமனே 0.4 மில்லிமீட்டர்தான். அதாவது மேல்தோலே ஒயர் முழுக்க இருக்கு. ஒதுங்கறதுக்கு இடமில்ல. ஃபர்னஸுக்கு உயிர்நாடியான ஒரு விஷயம், இயர்போன் கேபிள்ல கணக்குலயே வராது. சொல் ஒண்ணுதான், அளவு வேற.

மாறக்கூடிய ஒரு இடம்

கேபிளால எதுவுமே மாறாதுன்னு சொன்னா அதுவும் தப்பு. சில ஐஇஎம்கள்ல பேலன்ஸ்டு ஆர்மேச்சர் என்ற குட்டி டிரைவர்கள் பல இருக்கும். அதுகளோட மின்தடை எல்லா அதிர்வெண்ணிலயும் ஒண்ணா இருக்காது. உதாரணத்துக்கு, ஓரிடத்துல 5 ஓம், இன்னோரிடத்துல 30 ஓம்னு ஏறி இறங்கும் ஒரு மாடலை எடுத்துக்கலாம். 0.8 ஓம் கேபிள் போட்டா 5 ஓம் இருக்கற இடத்துல 1.3 டெசிபல் குறையும், 30 ஓம் இருக்கற இடத்துல 0.2 டெசிபல்தான் குறையும். அதாவது ஓசையோட வடிவமே ஒரு டெசிபல் சாயும். 0.3 ஓம் கேபிள்ல அந்தச் சாய்வு 0.4 டெசிபல். கேபிளை மாத்தினா 0.6 டெசிபல் அளவுக்கு டோன் மாறுது. கவனமா கேட்கற காதுக்கு இது எல்லைக்கோட்டுல கேட்கலாம்.

ஆனா இங்கயும் வேலை செய்யறது மின்தடைதான், உலோகத்தோட பேர் இல்ல. 500 ரூபாய் கேபிளும் 50,000 ரூபாய் கேபிளும் ஒரே ஓம்னா ஒரே சவுண்ட். தவிர, இப்படிப்பட்ட இயர்போனுக்கு டாங்கிளோட அவுட்புட் மின்தடையும் அதே வேலையைச் செய்யும். 5 ஓம் அவுட்புட் உள்ள டாங்கிள்ல செருகிட்டு கேபிளைப் பத்திக் கவலைப்படறது, ஓட்டைக் குடத்துக்கு மூடி தேடற மாதிரி.

அப்புறம் ஏன் வித்தியாசம் கேட்குது?

கேட்டவங்க யாரும் பொய் சொல்லல. காரணங்கள் வேற.

ஒண்ணு, வால்யூம். 3.5 மி.மீ. கேபிளை எடுத்துட்டு 4.4 மி.மீ. பேலன்ஸ்டு கேபிள் போட்டா, பல டாங்கிள்கள் ரெட்டிப்பு வோல்டேஜ் தரும். அது 6 டெசிபல் கூடுதல். சத்தம் கூடினா மனசுக்குத் தெளிவாவும் கனமாவும் படும். பேர் கேபிளுக்குப் போயிடுது.

ரெண்டு, செருகற விதம். கேபிள் மாத்த இயர்போனைக் காதுல இருந்து எடுத்துத் திரும்ப வைக்கறோம். ஆழமோ அடைப்போ கொஞ்சம் மாறினாலே ட்ரெபிள்லயும் பேஸ்லயும் பல டெசிபல் மாறும்.

மூணு, காசு. புதுசா வாங்கினதைக் கவனமா கேட்போம். கவனமா கேட்டா, முன்னாடியும் இருந்த விவரம் புதுசா கேட்கும்.

இதையெல்லாம் பிரிச்சுப் பார்க்கத்தான் ஏபிஎக்ஸ் சோதனை. ஏ, பி ரெண்டையும் கேட்கலாம். எக்ஸ் அதுல எதுன்னு கண்டுபிடிக்கணும். 16 தடவையில 12 சரியா சொன்னாத்தான், குருட்டாம்போக்குல வந்திருக்க வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் கீழ இறங்கும். பெல் லேப்ஸ்ல 1950லயே இப்படிச் சோதனை பண்ணியிருக்காங்க. 2007ல ஜேம்ஸ் ராண்டி, 7,250 டாலர் ஸ்பீக்கர் கேபிளைச் சாதாரண கேபிள்ல இருந்து காதாலயே பிரிச்சுக் காட்டறவங்களுக்குப் பத்து லட்சம் டாலர் தர்றதா அறிவிச்சார். பேச்சுவார்த்தை நடந்தது, சோதனை கடைசிவரை நடக்கல.

காசை எங்க போடலாம்?

கேபிள் அறுந்துட்டா மாத்துங்க. பிளக் ஆடினா, ஒரு காதுல விட்டு விட்டுக் கேட்டா, கேபிள் உரசற சத்தம் காதுக்குள்ள வந்தா மாத்துங்க. நம்ம ஊர் வியர்வைக்குக் கண்ணாடி மாதிரி உறைக்குள்ள காப்பர் பச்சையா மாறும். பார்க்க நல்லா இருக்காது, ஆனா அதனால ஓசை கெடாது. பிடிக்கலன்னா மாத்திக்கலாம், சில நூறு ரூபாய் போதும்.

அதுக்கு முன்னாடி நூறு ரூபாய் ரப்பர் டிப் ரெண்டு மூணு சைஸ் வாங்கிப் பாருங்க. சரியா அடைக்காத டிப்ல பேஸ் 10 டெசிபலுக்கு மேலகூடக் காணாமப் போகும். எந்தக் கேபிளும் அதைத் திருப்பித் தராது. நல்லா அடைச்சா வெளிச்சத்தமும் குறையும், கும்மிடிப்பூண்டி லோக்கல் டிரெயின்லகூடக் குறைஞ்ச வால்யூம் போதும்.

இது சவுண்ட் குவாலிட்டியோட நிக்கற விஷயமில்ல. நம்ம நாட்டுத் தொழிற்சாலை விதிகள்ல 8 மணி நேர வேலைக்குச் சத்த வரம்பு 90 டெசிபல். பாட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம், 90 டெசிபல்னா வெறும் 4 மணி நேரம். ரோலிங் மில்லுலயோ பிரஸ் ஷாப்புலயோ ஷிஃப்ட் முடிச்சவர், வண்டிச் சத்தத்தை அமுக்க வால்யூமை ஏத்திப் பாட்டு கேட்டா ரெண்டும் சேரும். சத்தத்தால வர்ற காது கேளாமை பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் முதல்ல தொடங்கும். ‘தெளிவு’ன்னு நாம சொல்றது பெரும்பாலும் அங்கதான் இருக்கு. அங்க 20 டெசிபல் போயிட்டா திரும்ப வராது. வேலையில போட்டுக்கற ஃபோம் இயர்பிளக் ஒரு ஜோடி இருபது ரூபாய்க்குள்ள கிடைக்கும். 0.14 டெசிபலுக்குச் செலவு பண்றதுக்கு முன்னாடி, அந்த 20 டெசிபலைக் காப்பாத்திக்கலாம்.