இணையத்தள வடிவமைப்பு: ஆக்கத்திறனும் வணிக நோக்கமும்



“சிறு வணிகமொன்றுக்கு இணையத்தளம் வடிவமைக்கும்போது கவனிக்க வேண்டிய விடயங்கள் இரண்டைக் காரணத்துடன் தருக.” இவ்வினாவை வகுப்பில் கொடுக்கும்போதெல்லாம் பெரும்பாலானோர் எழுதித் தரும் விடை ஒன்றுதான்: “இணையத்தளம் அழகாகவும் கவர்ச்சியாகவும் இருத்தல் வேண்டும்.”

இவ்விடை பிழையன்று, ஆனால் முழுமையற்றது. யாருக்கு அழகு, எதற்காகக் கவர்ச்சி என்பதைச் சொல்லாவிட்டால் காரணத்துக்குரிய புள்ளி கிடைக்காது. உங்களுக்கு இழப்பு ஓரிரு புள்ளிகள். இதே குறையுடன் இணையத்தளம் அமைக்கும் கடைக்காரருக்கோ இழப்பு அவரது முதல். ஆகவே இவ்விடயத்தைச் சற்று ஆழமாக நோக்குவோம்.

1. பொருள் விளக்கம்

வணிக நோக்கம்: தளத்துக்கு வரும் வாடிக்கையாளர் எதைச் செய்ய வேண்டுமென வணிகர் எதிர்பார்க்கின்றாரோ அதுவே வணிக நோக்கம் ஆகும். தொலைபேசியில் அழைத்தல், பொருளுக்குக் கட்டளை கொடுத்தல், கடைக்கு நேரில் வருதல் என்பன உதாரணங்களாகும்.

ஆக்கத்திறன்: நிறம், எழுத்துரு, படம், சொல், பக்க அமைப்பு ஆகியவற்றைப் புதுமையாகக் கையாண்டு, ஒரு வணிகத்தை ஏனையவற்றிலிருந்து வேறுபடுத்திக் காட்டும் திறன் ஆகும்.

2. ஓர் உதாரணம்

யாழ்ப்பாணத்தில் பனையோலைக் கைப்பணிப் பொருள்கள் விற்கும் சிறு கடையொன்றை எடுத்துக்கொள்வோம். கடகம், சுளகு, நீத்துப்பெட்டி, ஓலைப் பை என்பன அங்கு விற்கப்படுகின்றன. கொழும்பிலுள்ள விடுதிகளிடமிருந்தும் வெளிநாட்டில் வாழும் உறவுகளிடமிருந்தும் மொத்தக் கட்டளைகளைப் பெறுவதே உரிமையாளரின் நோக்கம்.

வடிவமைப்பாளர் முகப்புப் பக்கம் முழுவதும் அசையும் பனந்தோப்பு, பின்னணியில் இசை, வளைந்து நெளிந்த எழுத்துகள் என அமைத்துக் கொடுக்கின்றார். பார்ப்பவர்கள் “நல்ல வடிவு” என்கிறார்கள். ஆனால் விலை எங்கே? அளவு என்ன? எந்த இலக்கத்துக்கு அழைப்பது? இவற்றைத் தேடிக் களைத்தவர் அடுத்த தளத்துக்குப் போய்விடுவார். பாராட்டுக் கிடைத்தது; கட்டளை கிடைக்கவில்லை.

3. அழகுக்கும் ஒரு விலை உண்டு

அக்கடையின் முகப்புப் படம் 4 மெகாபைற்று எனவும், வாடிக்கையாளரின் கைத்தொலைபேசிக்குச் செக்கனுக்கு 2 மெகாபிற்று வேகம் கிடைக்கின்றது எனவும் கொள்வோம்.

4 × 1024 × 1024 × 8 = 33,554,432 பிற்றுகள்
33,554,432 ÷ 2,000,000 = ஏறத்தாழ 17 செக்கன்

அதே படத்தைச் சுருக்கி 200 கிலோபைற்று ஆக்கினால்:

200 × 1024 × 8 = 1,638,400 பிற்றுகள்
1,638,400 ÷ 2,000,000 = ஏறத்தாழ 0.8 செக்கன்

கைத்தொலைபேசியின் சிறிய திரையில் இரு படங்களுக்குமிடையே பெரிய வேறுபாடு தெரியாது. காத்திருக்கும் நேரமோ 17 செக்கனிலிருந்து ஒரு செக்கனுக்கும் குறைந்துவிடுகின்றது.

4. வரலாறு தரும் பாடம்

பெரிய நிறுவனங்களும் இவ்வாறு தவறியுள்ளன. இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட பூ டொட் கொம் என்னும் ஆடை விற்பனைத் தளம் 1999 நவம்பரில் தொடங்கப்பட்டது. ஆடைகளைச் சுழற்றிப் பார்க்கும் முப்பரிமாண வசதியும், “மிஸ் பூ” என்ற அசையும் உதவியாளர் உருவமும் அதில் இருந்தன. ஆனால் அக்காலத்தில் பெரும்பாலான வீடுகளில் இருந்தவை, தொலைபேசிக் கம்பி வழியே செக்கனுக்கு அதிகபட்சம் 56 கிலோபிற்று பெறக்கூடிய மோடெம்களே. பக்கங்கள் திறக்க நெடுநேரமாகியது. ஆரம்பத்தில் மக்கின்டொஷ் கணினிகளில் தளம் இயங்கவுமில்லை. ஏறத்தாழ 13 கோடி 50 இலட்சம் அமெரிக்க டொலர் செலவான பின்னர், 2000 மே மாதத்தில் நிறுவனம் மூடப்பட்டது.

மிகையான விளம்பரச் செலவும் இவ்வீழ்ச்சிக்கு ஒரு காரணமே. எனினும் ஒன்றைக் கவனியுங்கள். பொருளைப் பெருப்பித்தும் சுழற்றியும் பார்க்கும் வசதி இன்று பல விற்பனைத் தளங்களில் உண்டு. அக்கற்பனை தவறானதன்று, அன்றைய வாடிக்கையாளரின் கையிலிருந்த வசதிக்கு அது பொருந்தவில்லை.

5. அப்படியாயின் ஆக்கத்திறன் வேண்டாமா?

நிச்சயமாக வேண்டும். வெறும் விலைப் பட்டியல் மட்டும் இருந்தால், நமது கடையின் கடகத்துக்கும் வேறொரு கடையின் கடகத்துக்கும் வேறுபாடு தெரியாது. மலிவானதையே வாடிக்கையாளர் தேடுவார். ஓலை வார்வதிலிருந்து கடகம் முடிவது வரை நான்கு சிறிய படங்களில் காட்டினால் அது ஆக்கத்திறன். அதனைப் பார்ப்பவர் கைவேலையின் பெறுமதியை உணர்ந்து, கேட்ட விலையைக் கொடுக்க முன்வருவார். இங்கு அழகு நோக்கத்துக்கு உதவுகின்றது. இதனையே சமநிலை என்கிறோம்.

6. சமநிலை காணும் படிமுறை

(அ) வாடிக்கையாளர் செய்ய வேண்டிய முதன்மையான செயலை ஒரே வாக்கியத்தில் எழுதுதல்.
(ஆ) விலை, தொடர்பு இலக்கம், முகவரி ஆகியவற்றை முகப்புப் பக்கத்திலேயே தெளிவாகத் தருதல்.
(இ) ஒவ்வோர் அலங்காரத்தையும் “இது அச்செயலுக்கு உதவுகின்றதா, தடையாகின்றதா?” எனச் சோதித்தல்.
(ஈ) சாதாரண கைத்தொலைபேசியில், முன்னர் அத்தளத்தைப் பார்த்திராத ஒருவரைக் கொண்டு கட்டளை கொடுக்கச் செய்து பார்த்தல்.

இவற்றுள் (ஈ) பெரும்பாலும் கைவிடப்படும் படி. வடிவமைத்தவருக்குத் தெரியாத குறை, புதியவர் தடுமாறும் இடத்தில் தெரிந்துவிடும்.

7. மாதிரி விடை

தொடக்கத்தில் தந்த வினாவுக்கு இவ்வாறு விடை எழுதலாம்:

(i) படங்களின் கோப்பு அளவைக் குறைத்தல். காரணம்: பக்கம் விரைவாகத் திறப்பதால், குறைந்த வேகமுள்ள இணைப்பைப் பயன்படுத்தும் வாடிக்கையாளரும் விலகாமல் கட்டளை கொடுப்பார்.

(ii) பொருளின் தனித்துவத்தைக் காட்டும் படங்களையும் விளக்கத்தையும் இணைத்தல். காரணம்: ஏனைய விற்பனையாளரிடமிருந்து வேறுபடுத்திக் காட்டுவதால், பொருளுக்குரிய விலை கிடைக்கும்.

இரண்டு விடைகளிலும் வடிவமைப்பும் உண்டு. அதனால் வணிகத்துக்குக் கிடைக்கும் பயனும் உண்டு. பரீட்சையில் “அழகாக இருத்தல் வேண்டும்” என்று எழுதத் தொடங்கினால், அவ்விடத்தில் பேனாவை நிறுத்தி “எதற்காக?” என்று உங்களையே கேளுங்கள். அக்கேள்விக்கான பதிலையும் சேர்த்து எழுதினால் விடை முழுமை பெறும். நாளை உங்கள் வீட்டாரின் கடைக்கு நீங்களே ஓர் இணையத்தளம் அமைக்க நேர்ந்தாலும் இதே கேள்வியுடன் தொடங்குங்கள்.