முதலில்லாத கடை

தரகு மிகப் பழைய தொழில். மாட்டுச் சந்தையிலும், நெல் மண்டியிலும், வீடு மனை வாங்குமிடத்திலும் விற்பவரையும் வாங்குபவரையும் கூட்டிவைத்து, அதற்காக ஒரு சிறு பங்கைப் பெற்றுக்கொள்பவரை நாம் அனைவரும் அறிவோம். அந்தத் தரகே இன்று இணையத்தில் புதிய உருவம் எடுத்திருக்கிறது. அஃபிலியேட் மார்க்கெட்டிங் என்பது அதன் பெயர். நாம் அதனை இணைப்புத் தரகு என்று சொல்லலாம். "சரக்கு இல்லை, கிடங்கு இல்லை, முதலும் இல்லை, இருந்தும் கடை வைக்கலாம் என்கிறார்களே, அஃது எவ்வாறு?" என்று மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. அக்கேள்விக்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம்.

இம்முறை அமெரிக்காவில் வளர்ந்தது. அங்கே சீடிநவ் என்னும் இசைத்தட்டு வியாபார நிறுவனம் 1994-ஆம் ஆண்டிலேயே பிறருடைய இணையதளங்களின் வழியாக வரும் விற்பனைக்குத் தரகு அளிக்கத் தொடங்கியது. 1995-இல் புத்தகக் கடையாகத் தோன்றிய அமேசான், 1996-ஆம் ஆண்டு ஜூலையில் இதனை எவரும் சேரக்கூடிய திட்டமாக்கிற்று. மலையேற்றத்தைப் பற்றி எழுதுகிறவர் மலையேற்ற நூல் ஒன்றைப் பரிந்துரைப்பார். படிப்பவர் அங்குள்ள இணைப்பின் வழியே சென்று அந்நூலை வாங்கினால், எழுதியவருக்கு ஒரு விழுக்காடு கிடைக்கும்.

யார் அனுப்பிய வாடிக்கையாளர் என்பது கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு தரகருக்கும் ஓர் அடையாளக் குறி உண்டு. அது அவர் தரும் இணைப்பிலேயே பொதிந்திருக்கும். அவ்விணைப்பை அழுத்தியதும், வாங்க வருபவரின் கணினியில் குக்கீ எனப்படும் ஒரு சிறு குறிப்புப் பதிவாகிறது. 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மான்டுல்லி என்பவர் வகுத்த உபாயம் இது. அக்குறிப்புக்கு ஒரு கெடு உண்டு. அமேசானில் அது பொதுவாக 24 மணி நேரம். அதற்குள் பொருள் வாங்கப்பட்டால் தரகு உண்டு; கெடு கடந்தால் இல்லை.

இனி, தனித்துறைக் கடை என்பதைக் கவனிப்போம். எல்லாப் பொருளையும் காட்டும் சிறு கடை பெருங்கடையோடு போட்டியிட இயலாது. ஆனால் மைப்பேனாவை மட்டும் எடுத்துக்கொண்ட ஒருவரை நினைத்துப் பாருங்கள். இடக்கையால் எழுதுவோர் கை பட்டு மை கலைந்துவிடுகிறதே, என்ன செய்யலாம் என்று ஒருவர் தேடி வருகிறார். விரைவில் உலரும் மையும் மெல்லிய முனையும் ஏற்றவை என்று காரணத்தோடு விளக்கி, தக்க பேனாவை இவர் காட்டுகிறார். வந்தவர் வாங்கும் எண்ணத்தோடு வந்தவர்; அவருக்கு வேண்டியது தெளிவு. அத்தெளிவே இக்கடையின் சரக்கு.

வருமானம் எவ்வளவு என்று கேட்பீர்கள். உதாரணத்துக்காக ஒரு கணக்குப் போடுவோம். மாதத்தில் 1,000 பேர் வருகிறார்கள். 100 பேர் இணைப்பை அழுத்துகிறார்கள். 8 பேர் வாங்குகிறார்கள். பேனாவின் விலை 500 ரூபாய், தரகு 5 விழுக்காடு என்றால், ஒரு பேனாவுக்கு 25 ரூபாய். மாதத்துக்கு 200 ரூபாய். உழைப்பில்லாத செல்வம் என்று இதனைப் புகழ்ந்து பேசுவோர் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவதில்லை.

இக்கணக்கை உயர்த்துவதற்கே சோதனைகள் செய்கிறார்கள். வருபவரில் பாதிப்பேருக்கு ஒரு பக்கத்தையும், மறுபாதிப்பேருக்கு வேறொரு பக்கத்தையும் காட்டி, எது நன்கு விற்கிறது என்று பார்ப்பார்கள். ஆய்வுக்கூடத்து விதி இங்கும் பொருந்தும்: ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். ஒரு பக்கத்தில் 5 விற்பனையும் மற்றதில் 3 விற்பனையும் நிகழ்ந்தால், முன்னதே சிறந்ததென்று முடிவு கட்டலாமா? கட்டலாகாது. ஒரு காசை எட்டு முறை சுண்டிப் பாருங்கள். பூவும் தலையும் சரிபாதியாக விழுவது ஏறத்தாழ நான்கில் ஒரு தடவைதான்; மற்றத் தடவைகளில் ஏதேனும் ஒரு பக்கம் மிகுந்தே நிற்கும். ஆகவே எண்ணிக்கை பெருகும் வரையில் பொறுத்திருக்க வேண்டும்.

இத்தொழிலில் இடர்களும் உள. தரகு விகிதத்தை வகுப்பவர் பெருங்கடைக்காரரே. 2020-ஆம் ஆண்டு ஏப்ரலில் அமேசான், அமெரிக்காவில் மரச்சாமான்களுக்கான தரகை 8 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாகக் குறைத்தது. அதனையே நம்பியிருந்தோரின் வருவாய் ஒரே நாளில் சுருங்கிற்று. தரகர்கள் தனித்துறைக் கடை அமைத்துக்கொள்ள அந்நிறுவனமே கொடுத்திருந்த ஏஸ்டோர் என்னும் வசதியும் 2017-இல் நிறுத்தப்பட்டது. உள்ளீடற்ற பக்கங்களைத் தேடலில் கீழே தள்ளும் மாற்றத்தைக் கூகுள் 2011-இல் செய்தபோது, பிறர் எழுதியதைப் பிரதி செய்து நிரப்பியிருந்த தளங்கள் பல மறைந்தன. மோசடியும் நிகழ்ந்ததுண்டு. வாடிக்கையாளர் அறியாமலே அவர்தம் கணினியில் குக்கீயைப் புகுத்தித் தரகு பெற்ற குற்றத்துக்காக, ஈபே நிறுவனத்தின் முன்னணித் தரகர் ஒருவர் 2014-இல் ஐந்து மாதச் சிறைத் தண்டனை பெற்றார்.

எனினும், சட்டத்துக்கு அகப்படாத சபலமே பெரிது என்று நான் கருதுகிறேன். இரண்டு பேனாக்கள் உள்ளன. நல்லதற்கு 3 விழுக்காடு தரகு. மட்டமானதற்கு 10 விழுக்காடு. எதைப் பரிந்துரைப்பது? மட்டமானதைச் சொன்னால் இம்மாதக் கணக்கு உயரும். சோதனையும் அதுவே சிறந்த வழியென்று காட்டும். ஆனால் ஏமாந்து போனவர் மறுமுறை வராததை அச்சோதனை உடனே காட்டாது. இதனால்தான், தரகு பெறுபவர் அதனை வெளிப்படையாகச் சொல்ல வேண்டுமென்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2009-இல் தன் நெறிகளைத் திருத்தியது. நம் நாட்டிலும் 2022-ஆம் ஆண்டு ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இத்தகைய தொடர்பை மறைக்கலாகாது என்று விதி செய்திருக்கிறது.

மாணவர்கள் இதனை முயன்று பார்ப்பதில் தவறில்லை. நன்கு அறிந்த ஒரு சிறு துறையைத் தேர்ந்துகொள்ளுங்கள். படிப்பைக் கெடுக்காத அளவுக்கு நேரத்தை வரையறுத்துக்கொள்ளுங்கள். வரவையும் செலவையும் நாள்தோறும் எழுதி வையுங்கள். தரகு பெறுவதைப் படிப்பவருக்குத் தெரியும்படி முதலிலேயே சொல்லிவிடுங்கள். பணம் அதிகம் வராவிட்டாலும், கணக்குப் பார்க்கவும், தெளிவாக எழுதவும், பிறர் நம் சொல்லை நம்பி வாங்கும்போது நமக்குள்ள பொறுப்பை உணரவும் இது நல்ல பயிற்சியாக அமையும்.