சோழர் காசுகள்

சோழர் காசுகள் என்பவை 10ஆம் நூற்றாண்டு முதல் 13ஆம் நூற்றாண்டு வரை பிற்காலச் சோழர் வெளியிட்ட பொன், வெள்ளி, செப்பு நாணயங்கள் ஆகும். பெயர் பொறித்த பழைய காசுகளுள் உத்தமசோழனுடையது குறிப்பிடத்தக்கது.

இன்று மிகுதியாகக் கிடைப்பவை முதலாம் இராசராசன் (985–1014) பெயரிலுள்ள செப்புக் காசுகளே. ஒருபுறம் மலர் ஏந்தி நிற்கும் உருவம். மறுபுறம் அமர்ந்த உருவம், அருகே நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ' என்ற பெயர். கோயில் சுவரெங்கும் தமிழில் எழுதியவர்கள் காசில் நாகரியைப் பொறித்தது பிறநாட்டு வணிகத்தை எண்ணியே என்று எனக்குத் தோன்றுகிறது.

வேறு சில காசுகளில் புலியுடன் மீனும் வில்லும் உண்டு. பாரசீக மன்னன் தாரியசு காலத்துப் பொற்காசிலும் (சுமார் 8.4 கிராம்) வில் உண்டு; ஆனால் அங்கே வில்லேந்தியவன் அரசனே. இங்கோ வில் சேரருடையது, மீன் பாண்டியருடையது. வென்ற நாடுகளின் சின்னங்கள் சோழன் காசில் ஏறின. மாணவர்கள் இவ்விடத்தில் குழம்புவதுண்டு.

பொன்னை விதைகளின் பெயரால் நிறுத்தனர். 2 குன்றி 1 மஞ்சாடி. 20 மஞ்சாடி 1 கழஞ்சு. முழுப் பொற்காசு மாடை. அதில் பாதி காசு.

காசு எப்படிப் புழங்கியது என்பதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் காட்டுகின்றன. கோயில் பணத்தை ஊர்ச் சபைகள் கடனாகப் பெற்று, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி கட்டின. அதாவது 8 காசுக்கு 1 காசு, நூற்றுக்குப் பன்னிரண்டரை. அவ்வட்டியில் திருமஞ்சன நீருக்கு ஏலக்காயும் சண்பக மொட்டும் இலாமிச்சை வேரும் வாங்கப்பட்டன. முதல் அப்படியே இருக்க, வட்டி மட்டும் செலவானது.

ஈழத்தில் சோழர் ஆட்சி 1070 அளவில் முடிந்த பின்னும் பொலன்னறுவை மன்னர்கள் இதே நிற்கும், அமரும் உருவ அமைப்பில் காசு அடித்தனர். பராக்கிரமபாகுவின் செப்புக் காசை இராசராசன் காசு என மயங்குவோர் உண்டு. எழுத்தைப் படித்தால்தான் தெரியும்.

சேத்தியாத்தோப்புப் பக்கம் நான் ஆசிரியராக இருந்தபோது, வயலில் கிடைத்த செப்புக் காசொன்றை ஒரு மாணவன் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்தான். உருவம் மழுங்கி, பெயரில் ஓர் எழுத்தே மிஞ்சியிருந்தது. மண்ணோடு கொண்டுவந்திருந்தால் யாருடைய காசு என்று சொல்லியிருக்கலாம். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.