மறைபொருளைக் காட்டாது மெய்ப்பிக்கும் முறை

பழவங்காடிப் பிள்ளையார் சந்நிதியில் தேங்காய் உடையும் ஓசை ஓய்வதில்லை. இன்று இந்திய இராணுவத்தின் பராமரிப்பில் விளங்கும் அக்கோயிலையும், அதற்கு அணித்தாயுள்ள சாலைக் கடைவீதியையும் அறியாத தமிழர் திருவனந்தபுரத்தில் இலர். பிழைப்பு நாடி இந்நகர் வந்த நம்மவர் ஒவ்வொருவரும் இவ்வீதிகளில் ஒரு செயலைப் பலமுறை செய்திருப்பர். அறை வாடகைக்குப் பிடிக்கையிலும், விடுதியில் தங்குகையிலும், ஆதார் அட்டையின் நகலை எடுத்து முன்பின் அறியாதவர் கையில் கொடுத்துவிட்டு வருகிறோம். கேட்டவர் அறிய வேண்டுவது ஒன்றிரண்டு செய்திகளே. நாம் கொடுப்பதோ எண், பிறந்த தேதி, ஊர், முகவரி யாவும். ஒரு பிடி அரிசி கேட்டவருக்குக் களஞ்சியச் சாவியையே நீட்டுவதை ஒக்கும் இது.

கேட்ட ஒன்றை மட்டும் மெய்ப்பித்து, ஏனையவற்றை நம்மிடமே வைத்துக்கொள்ள வழியுண்டா? உண்டு என்கிறது கணிதம். அதற்குப் ‘பூஜ்ய அறிவு நிரூபணம்’ என்று பெயர். சொல் கடினமாயினும் பொருள் எளிது. கோயில் வாயிலில் தேங்காய் விற்பவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவரிடம் இரு காய்கள் உள்ளன. ஒன்றில் நீர் மிகுதி, மற்றொன்றில் குறைவு. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. தட்டிய மாத்திரத்தில் எது எதுவெனச் சொல்வேன் என்கிறார் அவர். நம் செவிக்கோ வேறுபாடு புலப்படவில்லை. காய்களைக் கைக்கொன்றாக ஏந்தி, முதுகுக்குப் பின்னே மறைத்து, விரும்பினால் மாற்றியும் விரும்பாவிடில் மாற்றாமலும் மீண்டும் நீட்டுகிறோம். ‘மாற்றினீர்’ அல்லது ‘மாற்றவில்லை’ என்று அவர் சொல்ல வேண்டும். ஒருமுறை சரியாயின் தற்செயல் எனலாம். தொடர்ந்து 20 முறையும் சரியாயின், அது வெறும் ஊகமாயிருக்கும் வாய்ப்பு 10,48,576இல் ஒன்றே. அவர் திறத்தை நாம் ஐயமற நம்புகிறோம். ஆயினும் அவர் செவி கேட்கும் அந்நுட்பத்தை நாம் சிறிதும் கற்றுக்கொள்ளவில்லை. இதுவே அந்நிரூபணத்தின் சாரம். ஷாஃபி கோல்ட்வாசர், சில்வியோ மிக்காலி, சார்ல்ஸ் ராக்காஃப் என்னும் மூவர் 1985ஆம் ஆண்டில் இதனை முதன்முதல் வகுத்துரைத்தனர். பின் வந்தோர், வினாவும் விடையுமின்றி, எவரும் சோதித்தறியத்தக்க ஒரு சிறு சான்றாகவே இதனை ஆக்கினர்.

இனி, ‘பிளாக்செயின்’ என்பதைக் காண்போம். அது பலர் கையிலும் ஒரே படியாக இருக்கும் ஒரு பேரேடு. ஒரு கடையின் பேரேட்டைக் கடைக்காரர் ஒருவரே திருத்திவிடலாம். ஆயிரம் பேரிடம் ஒரே படி இருந்தால் எவராலும் கள்ளக் கணக்கு எழுத இயலாது. 2009ஆம் ஆண்டில் தொடங்கிய பிட்காயின் இவ்வகைப் பேரேடே. ஆயினும் இதற்கு இரு குறைகள் உண்டு. முதலாவது, வரவு செலவு யாவும் ஊரறியத் திறந்து கிடப்பது. ஏட்டில் பெயரின்றி எண்களே இருப்பினும், ஓர் எண் இன்னாருடையது என ஒருமுறை தெரிந்துவிட்டால் அவர் கணக்கு முழுதும் வெளியாகும். இரண்டாவது, படி வைத்திருப்போர் அனைவரும் ஒவ்வொரு பதிவையும் தாமே சரிபார்க்க வேண்டியிருப்பது. ஆதலால் பிட்காயின் ஏட்டில் நொடிக்கு ஏறத்தாழ ஏழு பதிவுகளே ஏறுகின்றன.

இவ்விரு குறைகளுக்கும் மேற்கூறிய நிரூபணமே மருந்தாகிறது. 2016இல் வெளிவந்த ‘ஸீகேஷ்’ என்னும் ஏட்டில், அனுப்பியவர், பெற்றவர், தொகை ஆகிய மூன்றையும் மறைத்தே பணம் அனுப்பலாம். இல்லாத பணம் செலவாகவில்லை என்பதை மட்டும் சான்று காட்டும். ஆதார் அட்டையின் க்யூஆர் சதுரத்தில் ஆணையத்தின் மின்னொப்பம் பதிந்துள்ளது. அதனைக் கொண்டு, எண்ணைக் காட்டாமலே ‘18 வயது கடந்தவர்’ என மெய்ப்பிக்கும் ‘அனான் ஆதார்’ என்னும் முயற்சியை எதீரியம் ஆய்வாளர் செய்துள்ளனர். இது அரசு ஏற்படுத்தியது அன்று எனினும், வழி தெளிவாயிற்று.

வேகத்திற்கும் இதுவே வழி. ஆயிரம் பதிவுகளை ஓரிடத்தில் கணக்கிட்டு, ‘அனைத்தும் சரி’ என்னும் ஒரே சான்றைப் பேரேட்டில் ஏற்றினால், மற்றவர் அச்சான்றை மட்டும் சோதித்தால் போதும். தணிக்கையாளர் ஒருவர் ஒப்பமிட்டபின் பங்குதாரர் ஒவ்வொருவரும் ரசீதுகளைப் புரட்ட வேண்டாததை இது ஒக்கும். ஆனால் தணிக்கையாளர் தவறலாம். கணிதச் சான்றிலோ பொய்யைப் புகுத்தல் அரிதினும் அரிது. 2017இல் இந்தியர் சிலர் தொடங்கிய மேட்டிக் என்னும் முயற்சி, பின்னர்ப் பாலிகன் எனப் பெயர் மாறி, 2023 மார்ச்சில் இத்தகைய அமைப்பொன்றை எதீரியத்தின்மேல் திறந்தது. 2025இல் அதனை நிறுத்தப்போவதாகவும் அறிவித்தது. ஓர் அமைப்பு நின்றமையால் முறை பொய்த்ததாகாது. சான்றை ஆக்குதற்கு மிகுந்த கணிப்பு வேலையும் செலவும் ஆகும் என்பதையும் மறத்தலாகாது.

ஈண்டு அன்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சான்று மெய்ப்பிப்பது கூறிய ஒன்றையே. ஏட்டில் ஏற்றியவர் நல்லவரா, வாக்களித்த இலாபம் வருமா என்பதை எக்கணிதமும் சொல்லாது. ‘பிளாக்செயின்’ எனும் பெயரைச் சொல்லிச் சேமிப்பைக் கேட்போரிடம் நம் குடும்பங்கள் விழிப்பாயிருத்தல் வேண்டும். இவ்வகை நாணயங்கள் நம் நாட்டில் சட்டப்படி செலாவணியாகா. 2022 ஏப்ரல் முதல் இவற்றின் இலாபத்திற்கு 30 விழுக்காடு வரியும் உண்டு.

இளைஞர்க்கு ஒரு சொல். இக்கலையைக் கற்க நெடுந்தூரம் செல்ல வேண்டா. கேரள டிஜிட்டல் பல்கலைக்கழகத்தின் கேரள பிளாக்செயின் அகாதெமி இம்மாவட்டத்திலேயே உள்ளது. பெரியோர் இன்றே செய்யத்தக்கதும் ஒன்று உண்டு: நகல் கொடுக்க நேர்ந்தால், இறுதி நான்கு இலக்கங்களை மட்டும் காட்டும் மறைப்பு ஆதாரை ஆணையத்தின் தளத்திலிருந்து எடுத்துக் கொடுங்கள். கேட்டதற்கு மேல் கொடாமை கஞ்சத்தனம் அன்று. அயலூரில் வாழ்வார்க்கு அதுவே காப்பு.