கிணற்று நீர்மட்டங் காட்டும் அமுக்கமானிகள்: கட்டளையும் மறுமொழியும்

இறவைப் பாசனஞ் செய்வோர் கல் கட்டிய கயிற்றைக் கிணற்றில் விட்டு நீர்மட்டம் பார்ப்பது வழக்கம். ஆழ்துளைக் கிணற்றிலோ குழாயும் மின்கம்பியும் இறங்கியிருப்பதால் கயிறு சிக்கிக்கொள்ளும். இரவில் நீர் எவ்வளவு ஊறியது என்பதும் தெரிய வழியில்லை. இக்குறையை நீக்கவே எண்முறை அமுக்கமானி நீருக்குள் இறக்கி வைக்கப்படுகிறது. தன்மேல் நிற்கும் நீரின் பளுவை அது அளக்கும். ஒரு கிலோபாஸ்கல் அமுக்கம் ஏறக்குறைய 10.2 சென்டிமீட்டர் நீருக்குச் சமம்.

பல கிணறுகளின் மானிகளை ஒரே கம்பியில் இணைத்து, ஒரே பதிவுப் பெட்டியால் விசாரிக்கலாம். இதற்கென 1988-ல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது எஸ்.டி.ஐ.-12 என்னும் முறை. இதில் கம்பிகள் மூன்றே: 12 வோல்ட் மின்சாரத்திற்கு ஒன்று, நிலத்தொடர்புக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று. மானி தானாக வாய் திறவாது; தன் விலாசத்தைச் சொல்லி அழைத்தாலன்றி மின்கலத்தைச் செலவிடாமல் உறங்கிக் கிடக்கும்.

விலாசம் என்பது ஒற்றை எழுத்து அல்லது எண். கட்டளையின் முதலில் நிற்கும். முடிவில் ஆச்சரியக்குறி வரவேண்டும். மூன்றாம் எண் மானியை அளக்கச் சொல்ல, பெட்டி ‘3எம்!’ என்று அனுப்புகிறது. ‘30052’ என்று மறுமொழி வந்தால், முதல் 3 மானியின் விலாசம். 005 என்பது ஐந்து விநாடிக்குள் அளந்து முடிப்பேன் என்பது. கடைசி 2, தரப்போகும் அளவுகளின் தொகை. வேலை முடிந்ததும் மானி தன் விலாசத்தை மட்டும் கூறும். பின்னர்ப் பெட்டி ‘3டி0!’ என்று கேட்க, ‘3+14.620+27.1’ என விடை வரும். கூட்டற்குறி அளவின் குறியாகவும், அளவுகளைப் பிரிக்கும் வேலியாகவும் நிற்கிறது.

இவ்விடையில் மீட்டர் என்றோ கிலோபாஸ்கல் என்றோ ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். முதல் எண் நீரின் உயரமா, அமுக்கமா, வெப்பமா என்பதை மானியுடன் வரும் குறிப்புப் புத்தகமே சொல்லும். அதைப் பதிவேட்டின் முதற்பக்கத்தில் எழுதி வையாத கிராமத்தில், அதிகாரி மாறினால் கணக்கும் மாறிவிடும்.

இதனினும் பெரிய இடர் விலாசத்தில் இருக்கிறது. புதிய மானிகள் பெரும்பாலும் 0 என்ற ஒரே விலாசத்துடன் வருகின்றன. இரண்டை அப்படியே இணைத்தால், ஒரு பெயருக்கு இருவர் ஒருங்கே குரல் கொடுப்பதுபோல் விடை குழம்பிப் போகும். ஆகையால் ஒவ்வொன்றையும் தனித்தனியே பெட்டியில் மாட்டி, ‘0ஏ3!’ என்பது போன்ற கட்டளையால் விலாசத்தை மாற்றிய பின்னரே கிணற்றில் இறக்கவேண்டும். ‘3’ என்று மறுமொழி வந்தால் மாற்றம் நிறைவேறியது. விலாசம் மறந்துபோன மானியிடம் ‘?!’ என்று கேட்கலாம். அப்போது கம்பியில் வேறு மானி இருத்தலாகாது. கிணற்று வாயில் விலாச எண்ணை வர்ணத்தால் எழுதி வைப்பது மிக நன்று. ஊற்று வற்றிய கிணற்றின் அளவு அடுத்த கிணற்றின் பெயரில் ஏறுமாயின், மோட்டார் நீரின்றி ஓடிக் கருகும்; அதை நம்பி நட்ட கரும்பும் காயும்.

மோட்டார்க் கம்பியின் அருகே செல்லும்போது இரைச்சல் புகுந்து எண் கெடக்கூடும். ‘3எம்சி!’ என்று கேட்டால் விடையின் இறுதியில் மூன்று சரிபார்ப்பு எழுத்துகள் சேர்ந்துவரும்; அவை பொருந்தாவிடில் பெட்டி அவ்விடையைத் தள்ளி மறுபடி கேட்கலாம். பத்து மானிகளுக்குக் கம்பியின் நீளம் 60 மீட்டர் அளவே. மானிகள் குறைந்தால் நீளம் கூடலாம். தோட்டங்கள் அதிகத் தூரத்தில் இருப்பின் ஆர்.எஸ்.-485 கம்பியில் மாட்பஸ் முறையே ஏற்றது.

மானி காட்டுவது தன் தலைமேல் உள்ள நீரையே. வாயிலிருந்து 40 மீட்டர் ஆழத்தில் இறக்கிய மானி 14.62 மீட்டர் காட்டினால், நீர்மட்டம் 25.38 மீட்டரில் இருக்கிறது. இறக்கிய ஆழத்தை நாடாவால் அளந்து, தேதியுடன் பதிவேட்டில் குறித்துக்கொள்க. மானியை வெளியே எடுத்துத் திரும்ப இறக்கும்போதெல்லாம் புதிதாக அளக்கவேண்டும்.