குழந்தைப் பாதுகாப்பு மதிப்பீடு

குழந்தைப் பாதுகாப்பு மதிப்பீடு என்பது, ஒரு குழந்தைக்கு இப்போது ஆபத்து உள்ளதா, இனிமேல் நேரக்கூடுமா என ஆராய்ந்து முடிவெடுக்கும் முறையாகும். முதற்கேள்விக்கு உடனே விடை வேண்டும். இரண்டாவதற்கு வீட்டுச்சூழல், பெற்றோரின் நிலை, உறவினர் ஆதரவு ஆகியவற்றை விசாரித்தறிய வேண்டும்.

இந்தியாவில் இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன்படி, பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுவர வேண்டும். சமூக விசாரணையை 15 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். குழந்தையின் விருப்பத்தையும் கேட்டறிய வேண்டும்.

வறுமை வேறு, கொடுமை வேறு. வறுமையில் வாடும் குடும்பத்துக்குத் தேவை உதவி. அடிபடும் குழந்தைக்குத் தேவை தாமதமற்ற மீட்பு. இரண்டையும் குழப்பினால் பாதிக்கப்படுவது குழந்தையே. ஆகவே இல்லத்தில் சேர்ப்பதைச் சட்டம் இறுதி வழியாகவே கருதுகிறது. குழந்தைகளுக்கான கட்டணமில்லா உதவி எண் 1098.